பாணி என்று கத்தினாள்

சிட்னியில், லிட்கமில் நாங்கள் இருந்த வீட்டில் சுடுதண்ணீர் வராமல் போன அந்தக் குளிர்காலத்தைப் பற்றி யார் கேட்டாலும் நான் எழும்பி நின்று, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டித்தான் சொல்லுவேன். என் கணவருக்கு அது சிரிப்பு. "இருந்து சொல்லுமன். ஆர் உம்மைத் துரத்தினம்?" என்பார். இருந்து சொல்லக்கூடிய விஷயமா அது? இப்போது எழுதும்போதும் கதிரை நுனியில்தான் இருக்கிறேன்.

ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடு. நானும் கணவரும் சின்ன மகளும் ஓர் அறையில். அடுத்த அறையில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை, தனி ஆள். வாசல் பக்கத்துச் சின்ன அறையில் கோயம்புத்தூர்ப் பிள்ளை ஒருத்தி, ஸ்ட்ராத்ஃபீல்டில் ஏதோ ஒரு கல்லூரியில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தாள். குசினி ஒன்று, குளியலறை ஒன்று. காலையில் யார் முதலில் என்ற போட்டி. ஆனாலும் சண்டையில்லாத வீடு.

ஆனி மாதம் இங்கே குளிர் தொடங்கிய கையோடு வீட்டின் சுடுதண்ணீர்த் தாங்கி செத்துப்போனது. ஏஜென்டுக்குப் போன் அடித்தோம். எங்கள் ஆட்களுக்கு ஏஜென்ட் என்றால் படகில் ஏற்றி விடுகிறவன். இங்கே ஏஜென்ட் என்றால் வீட்டுச் சொந்தக்காரருக்காக வாடகை வாங்குகிறவன். இருவரும் ஒரு விஷயத்தில் சகோதரர்கள், வாங்கவேண்டியதை வாங்கும்வரைதான் போனை எடுப்பார்கள். "பதிந்திருக்கிறோம்" என்று ஒருமுறை சொன்னார்கள். அதற்குப் பிறகு மணி அடித்தபடியே கிடந்தது. நேரே போய்க் கேட்போம் என்று நான் நச்சரித்தேன். கணவர் வேண்டாம் என்றார். அவர் வில்லாவுட் தடுப்பு முகாமில் நீண்ட காலம் இருந்து வெளியே வந்தவர். பிரிட்ஜிங் விசா என்கிற தற்காலிக விசாவில் இருக்கிறவன் யாரோடும் குரல் உயர்த்தக் கூடாது என்பது அவருடைய சட்டம். "வம்பை விலைக்கு வாங்காதையும். கொஞ்ச நாளைக்குத் தண்ணியைக் கொதிக்க வைப்பம்" என்றார்.

கொதிக்க வைத்தோம். ஒரு கூட்டத்துக்குச் சோறு காய்ச்சுகிற பெரிய அலுமினியப் பானை ஒன்று எங்களிடம் இருந்தது. காலையில் அதை அடுப்பில் ஏற்றி, கொதித்ததும் இரண்டு துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போவது. அங்கே வாளியில் பச்சைத்தண்ணீரோடு கலப்பது. வீட்டில் எல்லோரும் அப்படித்தான் குளித்தோம்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இருந்தாள். என் வயதுதான். சேர்பியாவிலிருந்து வந்தவள் என்று மட்டும் எனக்குத் தெரியும். கணவன் டிரக் ஓட்டுவான், வீட்டில் இருப்பது குறைவு. நீளப் பாவாடை, கோடையிலும் மணிக்கட்டு வரை கை வைத்த சட்டை. சுட்ட சிவப்பு மிளகாயை அரைத்துப் போத்தலில் அடைத்து ஒருநாள் வேலிக்கு மேலால் நீட்டினாள். நான் மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பல் கொடுத்தேன். அடுத்தநாள் வெறும் போத்தலைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினாள், முடிந்துவிட்டதாம், இன்னும் வேண்டுமாம்! என்னுடைய ஆங்கிலமும் அவளுடைய ஆங்கிலமும் சேர்ந்தாலும் ஒரு முழு ஆங்கிலம் வராது. அதனால் பேச்சு குறைவு, போத்தல்தான் அதிகம் போய் வந்தது.

அது ஒரு சனிக்கிழமை. கணவர் கட்டட வேலைக்குப் போய்விட்டார். அண்ணை குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் கொதித்த பானையைக் கொண்டுபோய் குளியலறை வாசலில் இருந்த முக்காலியில் வைத்துவிட்டு வாளியை இழுக்கக் குனிந்தேன். என் மகளுக்கு அப்போது மூன்று வயது ஆகவில்லை. எதையும் தானே செய்யவேண்டும் என்கிற வயது. குளியலுக்கென்று வைத்திருந்த சிவப்புக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்திருக்கிறாள். "ஐ டூ இட்" என்று சொன்னது கேட்டது. திரும்புவதற்குள் கோப்பையைப் பானையின் விளிம்பில் கொழுவி இழுத்துவிட்டாள்.

பானை சரிந்தது. வலது தோளில் தொடங்கி முழங்கை வரைக்கும் அவள் மேல் ஊற்றியது.

அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்று தெரியாமல் பின்கதவால் முற்றத்துக்கு ஓடினேன். "ஐயோ, பிள்ளை! பிள்ளை!" என்று கத்திக்கொண்டு புல்லில் சுற்றிச் சுற்றி வந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் அவள் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், பிள்ளையின் ஆவி பறக்கிற சட்டையைப் பார்த்தாள். கையிலிருந்த ஈரத் துணியை எறிந்துவிட்டு வேலியைப் பிடித்து உலுக்கியபடி கத்தினாள்.

"பாணி! பாணி! பாணி!"

அண்ணை என் பின்னாலேயே ஓடி வந்திருந்தார். பாணி என்ற சொல் அவர் காதில் விழுந்தது. எங்கள் ஊரில் பாணி என்றால் என்ன? கித்துள் பாணி, பனம் பாணி. ரொட்டியில் ஊற்றிச் சாப்பிடுகிற இனிப்புப் பாகு! தீக்காயத்துக்குத் தேன் பூசுகிறவர்களை அவர் கண்டிருக்கிறார். "ஓம், ஓம், பாணி, இந்தா எடுக்கிறன்!" என்று குசினிக்குள் பாய்ந்து, அலுமாரியில் இருந்த கித்துள் பாணிப் போத்தலை மூடி திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதைக் கண்டதும் வேலிக்காரியின் கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போல இருந்தது. "நோ! நோ! பாணி!" என்று கத்தினாள். அண்ணையும் விடவில்லை. "இதுதான் பாணி! ஒரிஜினல்!" என்று போத்தலை உயர்த்திக் காட்டினார். அவள் பாவாடையை அள்ளிச் சொருகி, வேலிப் பலகையில் காலை வைத்து, ஒரே தாவில் எங்கள் பக்கம் குதித்தாள். ஒரு பலகையும் அவளோடு சேர்ந்து வந்தது.

அப்போதுதான் கோயம்புத்தூர்ப் பிள்ளை தலை முழுக்க எண்ணெயோடு வெளியே ஓடி வந்தாள்.

"அக்கா! பானின்னா தண்ணிக்கா! ஹிந்தில தண்ணி! அவங்க தண்ணி ஊத்தச் சொல்றாங்க!"

அதற்குள் வேலிக்காரி பிள்ளையை என் கையிலிருந்து பறித்துக் குசினிக்குள் போயிருந்தாள். போகிற வழியில் அண்ணையின் கையிலிருந்த போத்தலை முழங்கையால் ஒரு தட்டு. பாணி முழுவதும் புல்லில். குசினித் தொட்டிக்குப் பக்கத்தில் பிள்ளையை இருத்தி, சூடு குடித்து நின்ற கம்பளிச் சட்டையை மெதுவாக உரித்தாள். பைப்பைத் திறந்து, தோளும் கையும் ஓடுகிற தண்ணீரில் நனையும்படி பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் அன்றைக்குத் தாராளமாக இருந்தது பச்சைத்தண்ணீர் மட்டும்தான். அது எங்களைக் காப்பாற்றியது.

அண்ணை மனம் தளரவில்லை. பற்பசையோடு வந்தார். அவள் உறுமினாள். ஃப்ரீசரைத் திறந்து ஐஸ் எடுத்தார். அதற்கும் உறுமினாள். அவளுக்கு ஆங்கிலத்தில் சொல் கிடைக்கவில்லை, தலையை ஆட்டி ஆட்டி, தாடையால் பைப்பைக் காட்டி, "திஸ். ஒன்லி திஸ்" என்றாள். என்னைப் பார்த்து, காயம்படாத பக்கத்தைத் துவாயால் சுற்றச் சொல்லிச் சைகை காட்டினாள். பிள்ளை குளிரில் விறைக்கக் கூடாது.

கோயம்புத்தூர் மாணவி அவசர இலக்கத்துக்கு அடித்தாள். மறுமுனையில் பேசிய பெண் என்ன சொன்னாள் என்று அவள் சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். "ஓடுற தண்ணில இருபது நிமிஷம் வைக்கணுமாம். ஐஸ் கூடாதாம். எதையும் பூசக் கூடாதாம்." ஒவ்வொன்றுக்கும் வேலிக்காரி 'ஆம் ஆம்' என்று தலையாட்டினாள். அவளுக்குத் தமிழ் விளங்கியதா என்று அப்போது யோசிக்க நேரம் இல்லை. ஐஸ் என்ற சொல்லும் எங்கள் முகங்களும் போதும்தானே.

பிள்ளையை அவ்வளவு நேரம் ஓடுகிற தண்ணீரில் பிடித்திருப்பது லேசான வேலையா? உதைத்தாள், கடித்தாள். வேலிக்காரி பாட ஆரம்பித்தாள். என்ன மொழி என்று தெரியாது, கை தட்டி ஆடவைக்கிற பாட்டு. கை தட்ட முடியாததால் காலால் தரையைத் தட்டினாள். நானும் அழுதுகொண்டே எனக்குத் தெரிந்த மாதா பாட்டைப் பாடினேன். மாணவி ஒரு சினிமாப் பாட்டை எடுத்தாள். அண்ணை பானை மூடியில் தாளம் போட்டார். அந்த நேரம் யாராவது ஜன்னலால் எட்டிப் பார்த்திருந்தால் கலியாண வீடு என்றுதான் நினைத்திருப்பார்கள். பிள்ளையின் கதறல் விக்கலாகி, விக்கல் தேம்பலாகி, கடைசியில் அவள் பானை மூடியைத் தனக்குத் தரும்படி கையை நீட்டினாள். அந்தக் கையைக் கண்டதும் எனக்குள் ஏதோ எழும்பி நின்றது. பிள்ளை பிழைத்துவிட்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது!

ஆம்புலன்ஸில் வந்த பெண் காயத்தைப் பார்த்தாள். உணவை மூடி வைக்கிற மெல்லிய கண்ணாடித் தாள் போன்ற ஒன்றால் தோளையும் கையையும் மூடினாள். "தண்ணீரில் பிடித்தது யார்?" என்று கேட்டாள். எல்லோரும் வேலிக்காரியைக் காட்டினோம். அவள் கதவுக்குப் பின்னால் மறையப் பார்த்தாள். "நீங்கள் செய்ததுதான் பாதி வைத்தியம்" என்று அந்தப் பெண் சொன்னாள். வேலிக்காரியின் முகம் சிவந்துபோனது.

நான் பிள்ளையோடு ஆம்புலன்ஸில் ஏறினேன். அண்ணை தன் காரில் வேலிக்காரியையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தார். அவள் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள், பிறகு தானே ஓடி வந்து ஏறியிருக்கிறாள்.

பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்ததும் மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். காத்திருக்கும் இடத்தில் வேலிக்காரி வெளிவாசலுக்கு மிகக் கிட்டிய கதிரையில், எழும்பி ஓடத் தயாரானவள் போல இருந்தாள். பக்கத்தில் வரச் சொல்லிக் கையைக் காட்டினேன். வந்தாள். என் தோளில் கை போட்டாள். பிறகு வலது கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றிக் கொஞ்சம் மேலே இழுத்தாள்.

மணிக்கட்டிலிருந்து மேலே தோல் உருகி உறைந்த மெழுகு போல இருந்தது. பார்த்துவிட்டு நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நான் பேபி. உன் மகள் மாதிரி" என்றாள்.

துண்டு துண்டு ஆங்கிலத்தில், நடுநடுவே கையால் படம் வரைந்து சொன்னாள். அவள் ரோமா இனத்தவள். சேர்பியாவில் பிறந்தவள்தான், ஆனால் அங்கே யாரும் அவர்களைச் சேர்பியர் என்று சொல்லமாட்டார்கள், வேறு ஒரு பெயர் சொல்லுவார்கள், அதை அவள் சொல்ல விரும்பவில்லை. ஓர் ஊரின் விளிம்பில், குப்பை கொட்டும் இடத்துக்குக் கிட்ட, தகரமும் பலகையுமாக வீடுகள். ஒரே அறைதான். அதில்தான் விறகடுப்பு, அதில்தான் படுக்கை, அதில்தான் பிள்ளைகள். வீட்டுக்குள் பைப் இல்லை. குளிக்க, துவைக்க, எல்லாவற்றுக்கும் தண்ணீரைச் சுமந்து வந்து பெரிய பானையில் கொதிக்க வைக்கவேண்டும். "எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அடையாளம் இருக்கு. கை, முதுகு, கால். அடுப்பு நடுவில். பிள்ளைகள் எங்கே போவார்கள்?"

அவள் மேல் பானை கவிழ்ந்தபோது எண்ணெயும் மாவும் குழைத்து அப்பினார்களாம். அது காய்ந்து தோலோடு ஒட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன தாயை, உள்ளே விடாமல் வெகு நேரம் நடைபாதையில் நிற்க வைத்தார்கள். உங்கள் ஆட்கள் இப்படித்தான், பிள்ளைகளைப் பார்க்கமாட்டீர்கள் என்று ஏசினார்கள். பிறகு அப்பிய மாவைச் சுரண்டி எடுத்தார்கள். "அம்மா அதை எப்பவும் சொல்லி அழுவா. என்னைக் கொஞ்சும்போதும் அழுவா."

"அப்ப பச்சைத்தண்ணி உமக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன். எனக்குத் தமிழில்தான் வந்தது. பைப்பைத் திறப்பது போலக் கையைக் காட்டினேன்.

விளங்கிக்கொண்டாள். அவளுடைய தம்பி பிறந்த காலத்தில் அவர்களுடைய ஆட்களிலேயே ஒரு பெண், வீடு வீடாக வந்து தாய்மாரைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தாளாம். எண்ணெய் வேண்டாம், மாவு வேண்டாம், தண்ணீர், தண்ணீர், தண்ணீர். "பாணி, பாணி, பாணி" என்று அவள் சொல்லிக் காட்டியபோது எங்களுக்கு எதிரில் இருந்த அண்ணை வெட்கத்தில் தலையைத் தொங்கப் போட்டார். நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஆஸ்பத்திரியில், அந்த நாளில், சிரித்தோம்!

அவள் மொழியில் பாணி தண்ணீர் என்றால் வேறு என்னவெல்லாம் இருக்கும்? நான் மூக்கைத் தொட்டேன். "நாக்" என்றாள். காதைத் தொட்டேன். "கன்." எனக்கு மன்னாரில் பழகிய கொஞ்சச் சிங்களம் தெரியும். அதில் காதுக்கு 'கண'! உப்பு என்று கேட்டேன். "லோன்." சிங்களத்தில் 'லுணு'! நான் கதிரையிலிருந்து துள்ளினேன். பல்லைக் காட்டினேன். "தந்த்." யானைத் தந்தம், அண்ணை, தந்தம்! அவள் தன்னையும் என்னையும் அண்ணையையும் சுட்டி, "மனுஷ்" என்றாள்.

"மனுஷன்!" என்று நானும் அண்ணையும் ஒரே நேரத்தில் கத்திவிட்டோம். தாதி ஒருத்தி எட்டிப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள். மடியில் மகள் அசைந்துவிட்டுத் திரும்பத் தூங்கினாள்.

அவளுடைய ஆட்கள் எத்தனையோ தலைமுறைக்கு முந்தி இந்தியப் பக்கத்திலிருந்து நடந்து போனவர்கள் என்று அவள் சொன்னாள். மேற்கே மேற்கே போய்க்கொண்டே இருந்தார்களாம், யாரும் இருக்க விடவில்லையாம். "எங்களை இஞ்ச போட் பீப்பிள் எண்டுறவை" என்று நான் சொன்னேன். படகில் வந்தவர்களுக்கு இங்கே வைத்திருக்கிற அந்தப் பெயர் மட்டும் அவளுக்கு விளங்கியது. என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தாள்.

அதோடு முடியவில்லை. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண், சமூக சேவைப் பகுதியிலிருந்து வருவதாகச் சொல்லி, எங்களை ஓர் அறைக்குக் கூப்பிட்டாள். தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். எப்படி நடந்தது, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேள்விகள். பிள்ளையைப் பறித்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். வேலிக்காரிக்கும் அதே பயம். அவள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஏன் கொதிதண்ணீரைக் குளியலறைக்குக் கொண்டு போனீர்கள்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"சுடுதண்ணி வாறேல்லை. கன கிழமையா இல்லை. ஏஜென்டுக்குச் சொன்னனாங்கள், ஒருத்தரும் வரேல்லை."

அவள் பேனையைக் கீழே வைத்தாள். மொழிபெயர்ப்பாளர் அவள் சொன்னதைத் தமிழாக்கினார்: "அது வீட்டுச் சொந்தக்காரரின்ர கடமை. உடனே திருத்தித் தரவேணும். குளிர்காலத்தில பிள்ளை இருக்கிற வீட்டுக்குச் சுடுதண்ணி இல்லாமல் விடக்கூடாது. நீங்கள் கேக்கிறதால உங்கட விசாவுக்கு ஒண்டும் வராது."

கடைசி வசனத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் திரும்பச் சொன்னார். எனக்கு எழும்பி அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. கட்டியும் பிடித்தேன்.

வைத்தியர் வந்து பார்த்து, தோல் வெட்டி ஒட்டவேண்டி வராது என்று நம்புவதாகச் சொன்னார். கட்டுப் போட்டு, வாராவாரம் வந்து காட்டச் சொல்லி, மறுநாள் வீட்டுக்கு விட்டார்கள்.

விபத்து நடந்த அன்று மாலையே வேலை உடுப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த கணவர், மகளின் கட்டைப் பார்த்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றார். நான் விசா விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "அவை அப்பிடித்தான் சொல்லுவினம்" என்றார். ஆனால் திங்கட்கிழமை காலையில் நான் மகளுக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டதைக் கண்டதும், எங்கே என்று கேட்கவில்லை. "கவனமாப் போட்டு வாங்கோ" என்றார்.

வேலிக்காரி எனக்கு முன்பே எங்கள் வாசலில் நின்றாள். தலைமுடியை வாரிக் கட்டி, உதட்டுக்கு நல்ல சிவப்புப் பூசி, பெரிய வளையங்கள் காதில் ஆட, போருக்குப் போகிறவள் போல வந்திருந்தாள். கோயம்புத்தூர்ப் பிள்ளையும் வகுப்புக்குப் போகாமல் எங்களோடு வந்தாள், ஆங்கிலத்துக்கு ஆள் வேண்டுமே.

ஏஜென்டின் அலுவலகம் கண்ணாடிக் கதவும் பூச்சாடியுமாக இருந்தது. மேசையில் கழுத்துப்பட்டி கட்டிய இளைஞன் ஒருவன். மாணவி சொல்வதைக் கேட்டுவிட்டு, கணினியைத் தட்டி, புன்னகையோடு, "பதிந்திருக்கிறோம், உரிமையாளரின் பதிலுக்குக் காத்திருக்கிறோம்" என்றான். மாணவி திரும்பக் கேட்டாள். அவன் திரும்ப அதையே சொன்னான். கட்டுப்போட்ட கையோடு நின்ற மகளை அவன் ஒருமுறை பார்த்தான், பிறகு கணினியைப் பார்த்தான்.

வேலிக்காரி முன்னால் போனாள். பொத்தானைக் கழற்றினாள். ஆஸ்பத்திரியில் எனக்குக் காட்டியது மணிக்கட்டை மட்டும். இப்போது முழங்கை தாண்டி, தோள் வரைக்கும் சட்டைக் கையைச் சுருட்டி, அந்தக் கையைத் தூக்கி அவனுடைய மேசையில், விசைப்பலகைக்கு மேல் வைத்தாள். கணினி கீச்சிட்டது.

"பார்" என்றாள். "இது என் ஊரில். அங்கே பைப் இல்லை. அங்கே ஒன்றுமே இல்லை. இது சிட்னி. இங்கே பைப் இருக்கு. நீ இருக்கிறாய். அப்ப இந்த பேபிக்கு ஏன்?"

அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். வாசலில் சாவிக்காகக் காத்திருந்த ஒரு வயதான சீனப் பெண் எழும்பி வந்து மகளின் கட்டைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். "என் வீட்டு அடுப்பும் வேலை செய்யவில்லை" என்று அவளும் தொடங்கினாள். எனக்குள் இருந்த பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. நானும் மேசைக்கு முன்னால் போய் என் அரை ஆங்கிலத்தில், "டுடே. நாட் டுமாரோ. டுடே" என்றேன். என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது!

உள் அறையிலிருந்து மேலாளர் அம்மா வெளியே வந்தாள். வேலிக்காரியின் கையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், இளைஞனின் கணினியில் ஏதோ வாசித்தாள். அவளுடைய கழுத்து சிவந்தது. எங்களுக்கு முன்னாலேயே போனை எடுத்தாள்.

அன்று மாலையே புதுத் தாங்கியோடு ஆள் வந்துவிட்டார். பெரிய உடம்புக்காரர், லெபனான் பக்கத்தவர். கூடுதலாக ஒரு வால்வும் பூட்டினார், அது குளியலறைக்குப் போகிற தண்ணீரை மட்டுமீறிச் சூடாக விடாதாம். வேலை முடிந்ததும் குளியலறைப் பைப்பைத் திறந்து வைத்துவிட்டு வழிவிட்டார். கணவர், அண்ணை, மாணவி, வேலிக்காரி, நான் எல்லோரும் அந்தச் சின்னக் குளியலறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு, ஓடுகிற தண்ணீரில் விரலை வைத்துக் காத்திருந்தோம். பச்சையாக வந்தது. இன்னும் பச்சை. பிறகு மெல்ல, மெல்ல...

"வருது! வருது!" என்று மாணவி கத்தினாள்.

அண்ணை அந்தத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். கணவர் இரண்டு கையையும் பைப்புக்குக் கீழே பிடித்தபடி அசையாமல் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீர் போய்ச் சத்தம் போட்டனீரோ? மெய்யாவோ?" என்று கேட்டார். கேட்கும்போதே அவர் முகத்தில் சிரிப்பு பரவிக்கொண்டு போனது. அன்றைக்கு எல்லோரும் முறை வைத்துக் குளித்தார்கள். அண்ணை குளியலறைக்குள் பாடியது தெருவுக்கே கேட்டது.

மகளின் காயம் ஆறக் காலம் எடுத்தது. கட்டு மாற்றுகிற நாட்கள் கஷ்டமானவை, அதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் வேலிக்காரி எங்களோடு வந்தாள், ஒவ்வொரு முறையும் காலால் தாளம் போட்டுப் பாடினாள். தாதிமாருக்கு அந்தப் பாட்டு மனப்பாடமாகிவிட்டது. தோல் ஒட்டவேண்டி வரவில்லை. தோளில் இருந்து முழங்கை வரைக்கும் இளஞ்சிவப்பாக ஒரு தழும்பு மிஞ்சியது, பெரிதாக வளர வளர மங்கும் என்றார் வைத்தியர். வெயில் படாமல் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

மார்கழியில், இங்கே கோடை தொடங்கியதும், மகளை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போகலாம் என்று விட்டார்கள். வேலிக்காரியும் வந்தாள். உடுப்பு மாற்றுகிற அறைக்குள் போனவள் வெகு நேரம் வரவில்லை. நான் கதவைத் தட்டப் போனேன், அதற்குள் திறந்துகொண்டு வந்தாள். பளிச்சென்ற மஞ்சள் நீச்சலுடை. கை இல்லாதது. இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் முதல்முறை என்றாள். பிறகு அவள் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆழமில்லாத பக்கத்தில், படாரென்று குதித்தாள். அவளுக்கு நீந்தத் தெரியாது! எனக்கும்தான். நானும் குதித்தேன்.

ஒரு சின்னப் பெண் நீந்தி வந்து அவளுடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உன் கைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள்.

"சூடு தண்ணி. நான் பேபியா இருக்கும்போது" என்றாள் வேலிக்காரி, சாதாரணமாக.

"மீ டூ!" என்று மகள் கத்தினாள். வெயிலுக்குப் போட்டிருந்த நீளக்கைச் சட்டையை இழுத்துத் தோளைக் காட்டினாள். "லுக்! மீ டூ!"

அந்தச் சின்னப் பெண் யோசித்தாள். பிறகு ஒற்றைக் காலைத் தண்ணீருக்கு மேல் தூக்கி, சைக்கிளில் விழுந்த முழங்கால் தழும்பைக் காட்டினாள். அவளுடைய தமையன் வந்தான், தாடையில் தையல் போட்ட கோடு. இன்னொரு பிள்ளை நாய் கடித்த கையோடு வந்தாள். கொஞ்ச நேரத்தில் எங்களைச் சுற்றி ஒரு கூட்டம், எல்லோரும் ஒரே நேரத்தில் காலையும் கையையும் தூக்கிக்கொண்டு, "என்னுடையதைப் பார், என்னுடையதைப் பார்" என்று தண்ணீரை அடித்தார்கள். காட்ட ஒன்றுமில்லாத ஒரு பிள்ளை அழத் தொடங்கிவிட்டது. கரையில் நின்ற காவல்காரப் பெண் விசிலை ஊதி, இங்கே என்ன கூத்து என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

வேலிக்காரி சிரித்துச் சிரித்துத் தண்ணீர் விழுங்கிவிட்டாள். நான் அவள் முதுகில் தட்டிக்கொண்டு நின்றேன். மகளைக் கரையேற்ற நாங்கள் இருவரும் பட்ட பாடு! அவள் வரவே மாட்டேன் என்றாள்.